கடலுப்பும் காரைக்குடி வள்ளலும்

இராமநாதபுரச் சீமையின் கிழக்கெல்லை கடலாகும். தொண்டி, தேவிபட்டினம் ஆகிய பழந்துறைகளைத் தொட்டுக்கொண்டு தெற்கே வரும் கரை, மண்டபத்தில் மணல் நாக்காய் நீண்டு, பாம்பன் கால்வாய்க்கு அப்பால் இராமேசுவரத் தீவாகி, தனுஷ்கோடி முனையில் முடிகின்றது. மண்டபத்திலிருந்து மேற்கே திரும்பினால் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர் என்று மன்னார் வளைகுடாவின் ஓரமாக ஊர்கள் தொடர்கின்றன. மழை குறைந்த நாடு இது. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். நிறையாவிடில் பனையும் கருவேலமுமே துணை. ஆனால் உழவனுக்குப் பகையாகிய அவ்வெயிலும் வறண்ட காற்றும் உப்பு விளைப்பவனுக்கு உற்ற நண்பர்கள். பாத்தி கட்டிக் கடல்நீரைத் தேக்கினால் போதும். கதிரவன் நீரைக் கொண்டு போய்விடுவான், உப்பு அடியில் தங்கிவிடும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் முக்காற் பங்குக்கு மேல் நாம் உண்ணும் சோற்றுப்பு. அதாவது சோடியமும் குளோரினும் சேர்ந்த சோடியம் குளோரைடு. எஞ்சியவற்றுள் மக்னீசியம் குளோரைடு தலையாயது. உப்பு வாரிய பின் பாத்தியில் நிற்கும் கசப்பு நீரில் அது செறிந்திருக்கும். அதன் இயல்பை அறிய உப்பளத்துக்குப் போகவேண்டுவதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அடுக்களையிலுள்ள உப்புச் சாடி நீர்விட்டுக் கசிவதை யாவரும் கண்டிருப்பர். அது சோற்றுப்பின் குற்றமன்று. அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் நேர்வது. இந்தக் கசப்பு நீரை உப்பளத்தார் பயனற்றதென்று கடலுக்கே திருப்பி விடுவது வழக்கமாயிருந்தது. அதனுள் வெள்ளிபோல் ஒளிரும் ஓர் உலோகம் மறைந்திருக்கின்றது. அவ்வுலோகத்தை வெளிக்கொணரும் வித்தையை ஆராய்வதற்குரிய பெருநிலையம் ஒன்று இச்சீமையிலேயே அமைவதற்குக் காரணராய் இருந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் விஞ்ஞானியல்லர்; இரசாயனத்தை முறையாகக் கற்றவருமல்லர். ஆங்கில இலக்கியம் பயின்ற வணிகர் அவர்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். அக்காலத்தில் காரைக்குடியும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு எழுதக் கற்றவுடன் கப்பலேறிப் பர்மாவுக்கோ இலங்கைக்கோ மலேயாவுக்கோ சென்று கொண்டுவிற்கும் தொழிலில் அமர்வதே மரபு. கல்லூரிப் படிப்பைக் காலவிரயம் என்று எண்ணியோரும் பலர். அழகப்பர் வேறு வழியை மேற்கொண்டார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் பயின்று பாரிஸ்டர் ஆனார். அங்குள்ள சார்ட்டர்டு வங்கியிலும் பயிற்சி பெற்றார். அவ்வளவில் அமையாது, குராய்டன் விமான நிலையத்தில் வானூர்தி ஓட்டக் கற்றுச் சான்றிதழும் வாங்கினார். வானூர்தியைக் கண்ணாற் காண்பதே அரிதாயிருந்த காலம் அது.

இவ்வளவு ஊக்கம் படைத்த இளைஞரைத் தொழுநோய் பற்றிக்கொண்டது. இந்நாளில் அது முற்றிலும் குணப்படுத்தக்கூடிய நோய். 1980-களில் பரவிய கூட்டுமருந்துச் சிகிச்சையால் ஓராண்டுக்குள் தீர்ந்துவிடுவது. அழகப்பரின் இளமைக் காலத்திலோ நீரடிமுத்து எண்ணெயைவிடச் சிறந்த மருந்தை மருத்துவர் அறியார். நரம்புகளைத் தாக்கி, உணர்ச்சியைக் கெடுத்து, மெல்ல மெல்லக் கைகால்களை உருக்குலைக்கும் அந்நோயினும் கொடியது ஊராரின் அச்சம். நோயுற்றவரைத் தொடாமை மட்டுமன்று. அவர் இருந்த பாயையும் உண்ட கலத்தையும் ஒதுக்கி வைப்பர். செல்வம் அதற்கு மருந்தன்று. இந்நிலையில் எத்தனையோ செல்வர் கதவை அடைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்திருக்கின்றனர். அழகப்பர் அவ்வாறு செய்யவில்லை. தமக்குக் கிடைத்த ஆண்டுகள் சிலவே என்பதை உணர்ந்தவர்போல், ஒரு தொழிலிலிருந்து மறு தொழிலுக்கும், ஓர் அறத்திலிருந்து மற்றோர் அறத்துக்கும் விரைந்து சென்றார். அவருடைய வாழ்க்கையில் காணப்படும் பரபரப்புக்கு இதுவே காரணம் என்று கொள்ளலாம்.

1937-இல் திருச்சூரை அடுத்த புதுக்காட்டில் அவர் தொடங்கிய பஞ்சாலை பெருகி, அவ்விடம் அழகப்பநகர் என்றே பெயர் பெற்றது. மலேயாவில் தோட்டத் தொழில், நாட்டுக்குள் காப்பீடு முதலிய பல துறைகளிலும் அவர் ஈடுபட்டார். வானூர்தி ஓட்டக் கற்ற அவர் பிற்காலத்தில் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமானப் போக்குவரத்து நிறுவனத்தையும் நடத்தினார். இவற்றில் சில ஆதாயம் தந்தன. சில கையைச் சுட்டன. அவ்வரலாற்றை விரித்துரைத்தல் ஈண்டு வேண்டா.

ஈட்டியதை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதே கருதத்தக்கது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைவதற்கு ஓரிலட்சம் ரூபாய் அளித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கினார். அதனைக் கொண்டு 1944-இல் கிண்டியில் தோன்றியதே அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. இரசாயனப் பொறியியலும் நெசவுத் தொழிலும் தோல் பதனிடுதலும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கிற்று. நாடு விடுதலை பெற்றபின் அவர் அதனைத் துறந்தார்.

1947 ஜூலைத் திங்களில் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் அங்கே பேசுகையில், நாட்டுப்புறங்களில் கல்லூரிகள் பெருகவேண்டும் என்றும், செல்வர்கள் அதற்கு முன்வரவேண்டும் என்றும் வற்புறுத்தினார். கூட்டத்தில் இருந்த அழகப்பர், காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அவ்விடத்திலேயே வாக்களித்தார். மேடையில் அளிக்கும் வாக்குகள் மேடையோடு ஒழிவது உலக வழக்கு. ஆனால் அடுத்த திங்களிலேயே, நாடு விடுதலை பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, காரைக்குடியில் கல்லூரி வகுப்புக்கள் தொடங்கிவிட்டன! கட்டடம் எழும்வரை காத்திருக்க மனமின்றி, ஊரிலிருந்த காந்தி மாளிகையிலேயே அது நடைபெற்றது. அதன்பின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1950-இலும், பொறியியற் கல்லூரி 1952-இலும் வரிசையாய்த் தோன்றின.

விடுதலை பெற்ற இந்தியாவில் அப்பொழுது விஞ்ஞான ஆராய்ச்சி நிலையங்களைப் பல இடங்களில் நிறுவும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அம்முயற்சிக்குத் தலைமை பூண்டவர் பிரதமர் ஜவாஹர்லால் நேரு; அதனைச் செயலாக்கியவர் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழுவின் இயக்குநர் சாந்தி சுவரூப் பட்நாகர். புனாவில் இரசாயன ஆராய்ச்சி நிலையம், டில்லியில் பௌதிக ஆராய்ச்சி நிலையம், ஜாம்ஷெட்பூரில் உலோக ஆராய்ச்சி நிலையம் எனப் பெருநகரங்களிலும் தொழில் நகரங்களிலும் அவை அமைந்தன. மின்னிரசாயனத்துக்கும் ஒரு தனி நிலையம் வேண்டும் என்று எண்ணப்பட்டது. மின்னிரசாயனமாவது, மின்சாரத்தைக் கொண்டு பொருள்களைப் பிரிப்பதும், பொருள்களின் சேர்க்கையிலிருந்து மின்சாரத்தைப் பெறுவதும் பற்றிய கலை. முலாம் பூசுதலும் மின்கலம் செய்தலும் அதன்பாற் பட்டன. மேட்டூரில் உப்புக் கரைசலை மின்சாரத்தால் பகுத்துக் காரச்சோடாவும் குளோரினும் எடுத்து வந்தனர். ஆல்வாயில் 1943 முதல் அலுமினியம் எடுக்கப்பட்டது. ஆயினும் இத்தொழில்களுக்கு வேண்டிய நுட்பமும் கருவியும் பெரும்பாலும் கடல்கடந்தே வந்தன.

இந்த நிலையம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று அழகப்பர் விழைந்தார். அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருவதாக அறிவித்தார். அந்நாளில் 15 இலட்சம் என்பது எத்துணைப் பெருந்தொகை என்பதை அறிய, கிண்டிக் கல்லூரி எழுவதற்கு அவர் தந்தது ஐந்து இலட்சமே என்பதை நினைவுகூர்தல் போதும். காரைக்குடியில் ஆறில்லை, பேராலைகள் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. புகைவண்டியில் சென்னையிலிருந்து ஓரிரவுப் பயணம். அத்தகைய ஊரில் தேசிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைப்பது தகுமா என்னும் ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. அந்த ஐயத்தை வள்ளலின் கொடை வென்றது. 1948 ஜூலை 25-ஆம் நாள் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். செம்மண் பொட்டலில் கட்டடங்கள் எழுந்தன. 1953 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலை ஒட்டி, குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் நிலையத்தை நாட்டுக்கு உரிமையாக்கினார். முல்லைக்குத் தேரீந்த பாரியின் பறம்புமலை காரைக்குடிக்கு மேற்கே நெடுந்தொலைவில் இல்லை. பாரியின் கொடையைப் புலவர் பாடினர்; அழகப்பரின் கொடை பொட்டலில் கட்டடமாய் நின்றது.

இனி, அந்நிலையத்தார் மேற்கொண்ட பணிகளுள் இக்கடற்கரைக்கு நெருங்கிய உறவுடைய ஒன்றைக் காண்போம். மக்னீசியம் என்னும் உலோகம் அலுமினியத்தினும் எடை குறைந்தது. அதன் அடர்த்தி நீரைப்போல் 1.74 மடங்கே. வானூர்தி உறுப்புக்கள் செய்வதற்கு அதனோடு பிற உலோகங்களைச் சேர்த்த கலவை பெரிதும் பயன்படுகின்றது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம் உண்டு. ஆகவே 770 லிட்டர் கடல்நீரில் ஒரு கிலோ மக்னீசியம் அடங்கியிருக்கின்றது. உப்பளத்துக் கசப்பு நீரிலோ அது பன்மடங்கு செறிவாக உள்ளது. இருந்தும் அதனைப் பெறுதல் எளிதன்று. குளோரினும் மக்னீசியமும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பவை. கரியைக் கொண்டு இரும்பைப் பிரிப்பது போல மக்னீசியம் குளோரைடைக் கரியால் பிரிக்க இயலாது. மின்சாரமே அப்பிடியைத் தளர்த்தவல்லது.

அவ்வாறாயின் கசப்பு நீரிலேயே மின்சாரத்தைச் செலுத்தலாகாதோ எனின், ஆகாது. கரைசலில் நீரும் இருக்கின்றதன்றோ? மக்னீசியத்தினும் எளிதாகப் பிரிவது நீரிலுள்ள ஹைடிரஜன். ஆதலால் எதிர்முனையில் ஹைடிரஜன் வாயுவே குமிழியிட்டு வெளிவரும். மக்னீசியம் உலோகமாய் வராது. நீரை முற்றும் நீக்கி, உப்பை நெருப்பில் உருக்கி, அவ்வுருகிய உப்பினுள் மின்சாரத்தைச் செலுத்துவதே வழி. இவ்வழியை முதலிற் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு ஹம்பிரி டேவி. 1807-இல் அவர் உருகிய பொட்டாஷிலிருந்து பொட்டாசியத்தையும், அதுபோன்றே சோடியத்தையும் பிரித்தார். மறு ஆண்டில் மக்னீசியத்தையும் அவர் பிரித்தார் எனினும், அது பாதரசத்தோடு கலந்தே கிடைத்தது. அவரிடம் உதவியாளராய்ச் சேர்ந்து பின்னர்ப் பெரும் புகழ் எய்திய மைக்கேல் பாரடே 1833-இல் உருகிய மக்னீசியம் குளோரைடைப் பகுத்துக் காட்டினார். ஜெர்மானியராகிய புன்சன் 1852-இல் அதற்கென ஒரு மின்கலத்தை வகுத்தார். இன்ன அளவு மின்சாரம் சென்றால் இன்ன அளவு பொருள் பிரியும் என்னும் பாரடேயின் விதி இக்கலைக்கு அடிப்படையாயிற்று. அவ்விதிப்படி ஒரு கிலோ மக்னீசியம் பிரிவதற்கு ஏறத்தாழ 2,200 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணிநேரம் செல்லவேண்டும்.

ஏட்டில் எளிதாய்த் தோன்றும் இது, செய்கையில் இடர் நிறைந்தது. கசப்பு நீரைக் காய்ச்சினால் கிடைக்கும் மக்னீசியம் குளோரைடுப் படிகத்தின் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஆறு நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கும். சோற்றுப்பை அடுப்பில் வறுத்தால் ஈரம் போய் உப்பு நிற்கும். மக்னீசியம் குளோரைடு அவ்வாறு நடவாது. சூடேறச் சூடேற நீரின் ஒரு பகுதி வெளியேறும். எஞ்சிய நீரோ வெளியேறாமல் குளோரைடையே தாக்கும். குளோரின் ஹைடிரஜனோடு சேர்ந்து அமிலப் புகையாய்ப் போய்விடும். கலத்தில் மிஞ்சுவது வெண்சுண்ணம் போன்ற மக்னீசியம் ஆக்சைடு. அது உருகாது, மின்கலத்தின் அடியில் சேறாய்ப் படிந்து வேலையைக் கெடுக்கும். எனவே ஈரத்தை நீக்குவதே இத்தொழிலின் உயிர்நிலை. ஹைடிரஜன் குளோரைடு வாயு சூழ்ந்திருக்கச் சூடாக்கினால் அச்சிதைவு தடைப்படும். ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரத்தைக் கலந்து சூடாக்குவது மற்றொரு வழி. நவச்சாரம் சூட்டில் பிரிந்து தானே அவ்வாயுவை உண்டாக்கும். ஏழைத் தொழிலாளியின் பட்டறையில் உள்ள பொருளுக்கும் பெருந்தொழிலுக்கும் உள்ள இவ்வுறவு வியக்கத்தக்கது. கசப்பு நீரிலுள்ள சல்பேட்டையும் முன்னரே நீக்கிவிட வேண்டும். கால்சியம் குளோரைடைச் சேர்த்தால் அது ஜிப்சமாய் அடியில் இறங்கும்.

இவ்வாறு உலர்த்திய மக்னீசியம் குளோரைடு தனியே உருகுவதற்கு 714 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். ஆனால் அதனைத் தனியே உருக்குவதில்லை. சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகியவற்றையும் உடன் சேர்ப்பர். உப்புக்கள் கலந்தால் உருகுநிலை தாழும். மின்சாரமும் தடையின்றிப் பாயும். இத்தனை உலோகங்களின் உப்புக்கள் கலந்திருக்கையில் மக்னீசியம் மட்டும் எவ்வாறு பிரிகின்றது? மக்னீசியம் குளோரைடைப் பிரிக்க இரண்டரை வோல்ட்டு அழுத்தம் போதும். மற்றவற்றைப் பிரிக்க அதனினும் மிகுதியாக வேண்டும். ஆகவே மக்னீசியம் குளோரைடு கலத்தில் உள்ளவரை அதுவே முதலில் பிரியும். ஏனையவை வழித்துணையாய் நிற்கும். எஃகு எதிர்முனையில் தோன்றும் உருகிய மக்னீசியம் தன்னைச் சூழ்ந்த உப்பினும் எடை குறைந்ததாதலின் மேலே மிதந்து வரும். அதனை அகப்பையால் முகந்தெடுப்பது போல் எடுக்கலாம். கரியாலாகிய நேர்முனையில் குளோரின் வாயு எழும். ஒரு கிலோ மக்னீசியம் கிடைக்கையில் ஏறத்தாழ மூன்று கிலோ குளோரின் வெளிப்படும். அதனை வீணே காற்றில் விட்டால் அருகிலுள்ளார் மூச்சடைத்து வீழ்வர். பிடித்து மீண்டும் குளோரைடு செய்யப் பயன்படுத்தினால் தொழிலுக்கு ஆதாயம்.

மிதந்து வரும் உலோகத்தையும் கண்ணிமை போற் காக்கவேண்டும். காற்றுப் பட்டால் அது கண் கூசும் வெள்ளொளியுடன் எரியத் தொடங்கும். எரியும் மக்னீசியத்தின் மீது நீரை ஊற்றுதல் பெருங்கேடு. நீரிலுள்ள பிராணவாயுவையும் அது பறித்துக்கொள்ள, ஹைடிரஜன் வெடிக்கும். நெருப்பை அவிக்கும் கரியமிலவாயுவும் அதன்முன் தோற்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்தும் பிராணவாயுவைப் பறித்து எரியவல்லது அது. பிராணவாயு இல்லாத இடத்தில் நைட்ரஜனையும் விடாது பற்றி நைட்ரைடாகும். ஆகையால் உருகிய குளோரைடு உப்பையே மெல்லிய ஆடைபோல் அதன்மேல் போர்த்துக் காற்றிலிருந்து மறைப்பர். தான் பிறந்த உப்பே அதற்குக் காவலாகின்றது.

இவற்றையெல்லாம் காரைக்குடி நிலையத்தார் பல்லாண்டு ஆராய்ந்து, சிறு கலத்திலிருந்து பெருங்கலத்துக்குச் சென்று, நம் நாட்டுக்கேற்ற முறையை வகுத்தனர். அம்முறையைக் கொண்டு, இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில், உப்பளக் கசப்பு நீரைப் பயன்கொள்ளுமாறு ஆண்டுக்கு 600 டன் அளவில் மக்னீசியம் எடுக்கும் ஆலை ஒன்று பின்னாளில் நிறுவப்பட்டது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. உற்பத்தி நின்று மூடப்பட்டது. மின்சாரத்தை ஆறாய்க் குடிக்கும் தொழில் இது. உலகச் சந்தையின் விலையோடு போட்டியிட்டு நிற்பது சிறிய ஆலைக்கு அரிது. எனினும் கடலுக்குத் திரும்பிப் போகவிருந்த நீரிலிருந்து உலோகம் எடுக்கலாம் என்பது இக்கரையிலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

கடற்கரையோடு நிலையத்துக்கு ஏற்பட்ட மற்றோர் உறவு மண்டபத்தில் உள்ளது. உப்பிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது ஒரு கலை. உப்பு உலோகத்தைத் தின்னாமற் காப்பது மற்றொரு கலை. மண்டபத்திலும் பாம்பனிலும் இரும்பு துருப்பிடிக்கும் விரைவு உள்நாட்டாருக்கு வியப்பளிக்கும். புதிய கதவுக்கீல் ஒரு மழைக்காலத்துக்குள் பழங்கீலாகிவிடும். கடற்காற்று உப்புத் துகள்களைச் சுமந்து வந்து இரும்பின்மேல் படிவிக்கின்றது. அத்துகளிலுள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை ஈர்த்து வைக்கும். குளோரைடு இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்து இரும்புக் குளோரைடாக்கும். அது நீரோடு சேர்ந்து துருவாய் மாறுகையில் அமிலம் மீண்டும் பிறந்து, அடுத்த பகுதி இரும்பைத் தாக்கும். வட்டியும் முதலுமாய் வளரும் கடன் போன்றது இவ்வரிப்பு. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தை நூறாண்டுக்கு மேல் காத்தவர்கள் ஓயாமல் சுரண்டிச் சாயம் பூசிக்கொண்டே இருக்க நேர்ந்ததன் காரணம் இதுவே. காரைக்குடி நிலையத்தார் மண்டபத்தில் அரிப்பு ஆராய்ச்சிக்கெனக் கிளை அமைத்து, பலவகை உலோகத் தகடுகளைச் சட்டங்களில் பொருத்திக் கடற்காற்றுக்கு எதிரே நிறுத்தி, திங்கள்தோறும் ஆண்டுதோறும் எடுத்து நிறுத்துப் பார்த்து, எவ்வுலோகம் எத்துணை தேய்கின்றது என்று கணக்கிட்டு வந்தனர்.

இப்பணிகள் முதிர்ந்து பயன் தந்ததைக் காணும் பேறு அழகப்பருக்கு வாய்க்கவில்லை. நிலையம் திறக்கப்பட்டபின் அவர் நான்கு ஆண்டுகளே உயிர்வாழ்ந்தார். நோய் அவரை விடவில்லை. தொழில்களிலும் முன்னிருந்த ஊதியம் இல்லை. ஆனால் கொடை நிற்கவில்லை. பெண்களுக்கென்று கல்லூரி ஒன்று வேண்டும், அதற்கு இடமில்லை என்னும் நிலை ஏற்பட்டபொழுது, தாம் குடியிருந்த மாளிகையையே ஒழித்துக் கொடுத்தார். பொருள் கொடுப்பதினும் இருக்கும் வீட்டைக் கொடுத்தல் அரிது. அதிலும், நோயுற்ற உடலோடு மறைவாய் இருப்பதற்கு ஓரிடம் எவரினும் மிகுதியாக வேண்டியவர் அவர். அவர் அளித்த கொடைகள் பலவற்றுள் இதனையே தலையாயதாகக் கொள்வோரும் உண்டு.

1956-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

அவர் காரைக்குடியில் எழுப்பிய கல்லூரிகளின் நடுவே 1985-இல் அவர் பெயரால் அழகப்பா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படவே, காரைக்குடியும் அங்குள்ள ஆராய்ச்சி நிலையமும் இந்நாளைய சிவகங்கை மாவட்டத்தின் பாற்பட்டன. கடலும் உப்பளங்களும் மண்டபமும் இராமநாதபுரத்தின் பங்காயின.